‘அருமை’ செல்லாது: கவிதைப் பட்டறைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடுவோம். இரண்டு பாய், ஒரு பிளாஸ்க் டீ, ஜெராக்ஸ் எடுத்த தாள்கள், நேரம் பார்க்க ஒரு கைபேசி. இவ்வளவுதான் எங்கள் கவிதைப் பட்டறை. சுவரில் கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்கும்: ‘அருமை, சூப்பர், செம: இங்கே செல்லாது.’ புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். முதல் கவிதை வாசித்து முடிந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அந்த மூன்று சொல்லையும் பறித்துக்கொண்டால் ஒரு கவிதையைப் பற்றிப் பேச நம் கையில் வேறு சொல்லே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

நான் போன முதல் இலக்கியக் கூட்டத்தில் கதை வேறு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கை நடுங்க வாசித்தேன். மூத்தவர் ஒருவர், ‘இது கவிதையே இல்ல தம்பி’ என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார். மூன்று வருடம் நான் எதுவும் எழுதவில்லை. அவர் கடுமையாகப் பேசியது இன்று எனக்குப் பெரிதாகப் படவில்லை. எந்த வரியில் கவிதை செத்தது என்று சொல்லாமல் போனாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. ‘அருமை’ என்கிறவரும் அதே வேலையைத்தான் செய்கிறார். இருவருமே கவிதையைப் படிக்கவில்லை.

ஆதரவான பட்டறை என்றதும் இனிக்க இனிக்கப் பேசுகிற இடம் என்று நினைத்து வந்துவிடாதீர்கள். உங்கள் எழுத்தை வரி வரியாகப் படித்து, எதுவரை கூடவே வந்தேன், எந்தக் கல்லில் தடுக்கினேன் என்று சொல்ல நாலு பேர் இருக்கிற இடம் அது. அந்த உபகாரம் வீட்டிலும் கிடைக்காது, வாட்ஸப் குழுவிலும் கிடைக்காது.

எந்த வாசலில் நிற்கிறீர்கள்

நம் ஊரில் கவிதைக்கு மூன்று வாசல் உண்டு. ஒன்று அரங்கேற்றம். தொல்காப்பியப் பாயிரத்தில் பனம்பாரனார் சொல்கிறபடி, நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவித்து அந்த நூல் வெளிவந்தது. அங்கே முடிந்த நூலைத்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்தது கவியரங்கம். மைக், மேடை, தலைமைக் கவிஞர், ‘மீண்டும் ஒருமுறை’ என்ற குரல். அங்கே கைதட்டல்தான் கூலி, அதில் தப்பும் இல்லை. மூன்றாவதுதான் பட்டறை. கொல்லன் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பு சூடாக இருக்கும்போது கொண்டுவர வேண்டும். ஆறிப்போன கவிதையை, அதாவது ‘இதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்’ என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதை, தயவுசெய்து இங்கே எடுத்து வராதீர்கள். மற்றவர்கள் நேரமும் வீண், உங்களுக்கும் மனக்கசப்பு.

எதை எழுதிக்கொண்டு வருவது

வெறும் கையோடு தொடங்குகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற பயிற்சிக்குப் பெயர் ‘சாட்சி’. குறுந்தொகையின் 25ஆம் பாட்டிலிருந்து எடுத்தது. கபிலர் பாடியது, ஐந்தே அடி. அவன் என்னைச் சேர்ந்த அன்று அங்கே யாரும் இல்லை, அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு நினைவு வருகிறது: ஒரு குருகு இருந்தது. ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் கால் தினைத்தாள் போலச் சிறிதாக, பசுமையாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. பறவையின் காலை இவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருக்கிறவளின் மனம் எப்படிக் கிடந்து அடித்துக்கொள்ளும் என்று நாமே கண்டுகொள்கிறோம். அந்த ஒரே சாட்சியும் அவளைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். உங்களுக்கு நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அங்கே இருந்த ஏழு பொருளையோ உயிரையோ ஒரு தாளில் எழுதுங்கள். மின்விசிறி, பாதி குடித்த டம்ளர், வாசலில் கிடந்த யாருடையதோ செருப்பு, எதுவானாலும் சரி. அதில் உங்களைக் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு இருந்தது எது? அதிலிருந்து தொடங்குங்கள். பன்னிரண்டு வரிக்குள் நிறுத்துங்கள். முதல் முறைக்கு ஒரே ஒரு கவிதை போதும். நோட்டு முழுவதையும் தூக்கி வருகிறவர்கள் உண்டு. அந்த ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம்.

தாளில் கவிதை மட்டும் இருக்கட்டும். எழுத்து பெரிதாக, ஓரத்தில் குறிப்பெழுத இடம் விட்டு, ஐந்து வரிக்கு ஒருமுறை எண் போட்டு. ‘ஏழாவது வரி’ என்று சொன்னால் எட்டுப் பேரும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். எட்டுப் பிரதி எடுத்துவிடுங்கள். சமர்ப்பணம், முன்குறிப்பு, ‘இது உண்மைச் சம்பவம்’ என்ற அறிவிப்பு, மூலையில் ரோஜாப்பூ, எதுவும் வேண்டாம்.

அந்த இருபது நிமிடம்

ஒரு கவிதைக்கு இருபது நிமிடம். இரண்டு மணி நேரத்தில் டீ குடிக்கிற நேரம் போக ஐந்து கவிதை பார்க்கலாம். நேரம் பார்க்க ஒருவரை வைத்துவிடுங்கள். மாதம் ஒருவர் என்று மாறி மாறி. ஒருவரே எப்போதும் நடத்தினால் ஆறு மாதத்தில் அவர் ஆசான் ஆகிவிடுவார்.

முதல் வாசிப்பு எழுதியவருடையது இல்லை. இன்னொருவர் வாசிக்க வேண்டும், முன்கூட்டிப் பார்க்காமல். இது கொஞ்சம் வலிக்கும். நம் கவிதையை நாமே வாசிக்கும்போது ஓட்டை இருக்கிற இடத்தையெல்லாம் குரலால் அடைத்துவிடுவோம். அடுத்தவர் வாய் அப்படி உதவாது. அவர் எங்கே திக்குகிறார், எந்த வரியைத் தப்பாகச் சேர்த்துப் படித்துத் திரும்ப வருகிறார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அன்றைய கூட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போகிற முதல் தகவல் அது. இரண்டாவது வாசிப்பு உங்களுடையது. பிறகு ஒரு நிமிடம் எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். புதியவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு யுகம்.

அதற்கப்புறம் பத்து நிமிடம் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. ‘இதுல நான் சொல்ல வந்தது என்னன்னா…’ என்று ஆரம்பித்தால் நேரம் பார்ப்பவர் கையைக் காட்டுவார். இதழில் வந்த பிறகு ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் நீங்கள் விளக்கம் சொல்ல முடியாதில்லையா, அதனால்தான்.

பேசுகிறவர்களுக்கும் ஒழுங்கு உண்டு. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990இல், கலைஞர்கள் ஒருவர் படைப்பைப் பற்றி ஒருவர் பேசுவதற்கென்று நாலு படி கொண்ட ஒரு முறையை வகுத்தார். முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவது, மற்றவர்கள் எந்தப் பக்கமும் சாயாத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் ‘சொல்லட்டுமா?’ என்று அனுமதி கேட்டு. நாங்கள் இதை எங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டோம். வாசிப்பு முடிந்த பத்து நிமிடம் எழுதியவர் மௌனம், மிச்ச நேரத்தில் கேள்விகள்.

இந்தச் சாயாத கேள்விதான் பழக வேண்டிய வித்தை. ‘ஏன் இவ்வளவு சோகமா எழுதுறீங்க?’ என்பது கேள்வி வேடம் போட்ட தீர்ப்பு. ‘இது நடக்கிறப்ப காலையா, ராத்திரியா?’ என்பது கேள்வி. பதில் சொல்ல முடியாமல் எழுதியவர் விழித்தால், அங்கே எழுதப்படாத ஏதோ இருக்கிறது.

இன்னொன்றும் முக்கியம். கவிதையில் வருகிற ‘நான்’ எதிரில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. ‘நீங்க அவரை விட்டுட்டுப் போனப்ப…’ என்று பேசாதீர்கள். ‘இதில் பேசுகிறவர்’ என்று சொல்லுங்கள். பெண்கள் எழுதும்போது இதைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும். ஆசையைப் பற்றி ஒரு பெண் எழுதினால் ‘சொந்த அனுபவமா?’ என்று கேட்கிற ஆள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் அகத்திணையியலிலேயே விதி வைத்திருக்கிறது. கபிலர் தலைவியாகப் பேசினார். அவரிடம் யாரும் சொந்த அனுபவமா என்று கேட்கவில்லை.

ஒரு கவிதை, மூன்று ஞாயிறு

எங்களோடு வருகிற தோழி ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் முதல் மாதம் கொண்டுவந்ததையும் பிறகு நடந்ததையும் அவர் சம்மதத்தோடு இங்கே வைக்கிறேன்.

பாட்டி என்னும் பாசக் கடலே
காலன் உன்னைக் கவர்ந்து சென்றான்
என் கண்ணீர் மழையில்
நனைகிறது நம் வீடு
நீயில்லா உலகம்
வெறுமையின் பாலைவனம்.....

ஒரு நிமிட மௌனம் முடிந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: ‘ஏம்மா, கடல் வந்துச்சு, மழை வந்துச்சு, பாலைவனமும் வந்துச்சு. பாட்டிதான் இன்னும் வரல.’ யாரும் சிரிக்கவில்லை. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை என்று தோழிக்கும் தெரிந்தது. கேள்வி நேரத்தில் ஒருவர் கேட்டார்: ‘பாட்டி இல்லைங்கிறது வீட்ல எந்த இடத்துல தெரியுது?’

தோழி யோசிக்கவே இல்லை. ‘கொல்லைப்பக்கம் போறப்ப. அவங்க குள்ளம். கொடியை அவங்க கைக்கு எட்டுறாப்ல கட்டி வச்சிருப்பாங்க. இன்னிக்கும் நாங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சுதான் போறோம்.’

அவர் பேசப் பேச, பக்கத்தில் இருந்தவர் அதை அப்படியே எழுதித் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தார். எங்கள் பட்டறையில் இதைவிட நல்ல உதவி எதையும் நான் பார்த்ததில்லை. எழுதத் தெரியவில்லை என்று நினைக்கிறவர்கள் பேசும்போது எழுதிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் அதைப் பிடித்து வைக்க வேண்டும்.

இரண்டாவது மாதம் வந்தது இது:

பாட்டி குள்ளம்.
அவள் உயரத்துக்குக் கட்டிய கொடிக்கயிறு.
அவள் போய் எட்டு மாதம்.
இன்றும் எல்லோரும்
குனிந்தே போகிறோம் கொல்லைக்கு.
இறந்த பின்னும் வணங்க வைக்கிறாள்
அன்பின் தெய்வம்.

இப்போது பாட்டி வந்துவிட்டாள். ஆனால் கடைசி இரண்டு வரியில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். குனிவது வணங்குவது போல் இருக்கிறது என்று வாசகருக்குத் தானாகவே தோன்றியிருக்கும். எழுதியவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். ‘குனிந்தே’ என்பதில் இருக்கிற ஏகாரமும் தோளைப் பிடித்து அழுத்துகிறது என்றார் குழுவில் இருக்கிற தமிழாசிரியை. சரி, அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டால் கவிதை எங்கே முடியும்? இந்த இடத்தில் ‘இப்படி முடிங்க’ என்று ஆளுக்கொரு வரி கொடுக்க எல்லோருக்கும் நாக்கு அரிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கிற வரி நன்றாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவர் கவிதைக்குள் உங்கள் வரி குடியேறிவிடும். அதற்குப் பதிலாகக் கண்டக்டர் கேட்டார்: ‘யாருமே அதை ஏத்திக் கட்டப் பாக்கலையா?’

மூன்றாவது மாதம்:

கொல்லைக்குப் போகிற எல்லோரும்
குனிந்து போகிறோம்.
பாட்டி கைக்கு எட்டுகிற உயரத்தில்
கட்டிய கொடி.
ஆடியில் ஒருநாள்
ஏற்றிக் கட்ட முக்காலியோடு போன அப்பா
துண்டை மட்டும் காயப்போட்டு வந்தார்.

‘குள்ளம்’ போய்விட்டது, கைக்கு எட்டுகிற உயரமே அதைச் சொல்லிவிடுகிறது. எட்டு மாதக் கணக்கும் போய்விட்டது. சாவு என்ற சொல்லே இல்லை. தமிழாசிரியை வேறொன்றைக் காட்டினார்: கொல்லை, குனிந்து; கைக்கு, கட்டிய. இரண்டு இடத்திலும் இலக்கணம் சொல்கிற மோனை எழுத்துகள் பொருந்தியிருக்கின்றன. தோழிக்கு மோனை இலக்கணம் தெரியாது, காது தெரிந்து வைத்திருக்கிறது. ‘ஆடி எதுக்கு, எடுத்துடலாமே’ என்று நான் சொன்னேன். ‘ஆடியிலதான் நடந்துச்சு’ என்றார். அது ஒரு காரணமே இல்லை என்று இன்னமும் நினைக்கிறேன். ஆடி இருக்கிறது. கவிதை அவருடையது.

வீட்டுக்குப் போன பிறகு

அன்று ராத்திரியே திருத்த உட்காராதீர்கள். காதில் எட்டுக் குரல் ஓடிக்கொண்டிருக்கும், யாருக்காவது பதில் சொல்லத்தான் கை போகும். ஒரு வாரம் ஊறட்டும். பிறகு எல்லோரும் குறித்துக் கொடுத்த தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரே வரியில் நாலு பேர் கோடு போட்டு, நாலு பேரும் நாலு விதமாக மாற்றச் சொல்லியிருந்தால் அந்த வரியில் நோய் இருக்கிறது. மருந்து மட்டும் நாலுமே தப்பாக இருக்கலாம். ஒரே ஒருவருக்கு மட்டும் உறுத்திய இடத்தை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். பழைய வடிவத்தை அழிக்காதீர்கள், தேதி போட்டு வையுங்கள். மூன்றாவது வடிவத்தில் தொலைந்த ஒரு நல்ல சொல் முதல் வடிவத்தில் கிடக்கும்.

திருத்தும்போது நான் போடுகிற சீப்பு ஒன்று இருக்கிறது. முதல் பல், ‘இன்’ உருவகம். நினைவுகளின் சாலை, மௌனத்தின் கூடு, தனிமையின் நிழல். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றையும் பார்க்க முடிகிற ஒன்றையும் ‘இன்’ போட்டு ஒட்டினால் கவிதை மாதிரி ஒரு வாசனை வந்துவிடும். புதுக்கவிதையை இவ்வளவு அரித்த கறையான் வேறில்லை. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, அந்தச் சாலை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது ‘ஒரு’. ஒரு மழை நாளில், ஒரு மரத்தடியில், ஒரு குடை. எல்லா ‘ஒரு’வையும் எடுத்துவிட்டு வாசியுங்கள். எங்கே எண்ணிக்கை உண்மையிலேயே தேவையோ அங்கே மட்டும் திரும்ப வையுங்கள். ‘தான்’, ‘ஏ’, ‘உம்’ மூன்றையும் இதே போல் சோதியுங்கள்.

பிறகு வினைமுற்று. தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினையில் போய்த்தான் உட்காரும். அதனால் வரிக்கு வரி ‘போகிறது, எரிகிறது, வருகிறது’ என்று நாம் கேட்காத இயைபு ஒன்று வந்து தாளம் தட்டும். ஒன்றிரண்டைப் பெயரெச்சமாக்கிப் பாருங்கள். ‘அப்பா முக்காலியோடு போனார்’ என்றால் அங்கே கதவு மூடிவிடுகிறது. ‘முக்காலியோடு போன அப்பா’ என்றால் அப்பா இன்னும் நடந்துகொண்டிருக்கிறார், அடுத்த வரிக்கு நம்மையும் இழுத்துப் போகிறார். வரியை எங்கே உடைப்பது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ‘உயரத்தில்’ என்று நிறுத்தியதும் கண் மேலே போகிறது, அடுத்த வரியில்தான் கொடி வருகிறது. ‘கட்டிய’ என்று அங்கே உடைத்திருந்தால் வெறும் நொண்டல்.

கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். புள்ளி புள்ளியாக வைத்த இடங்களைத் துடையுங்கள். ஒற்றுப்பிழை பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். உருக்கப்போகிற பாத்திரத்துக்கு ஈயம் பூசுவானேன்? ஆனால் பார்க்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மரபில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. தளை தட்டுகிறதா இல்லையா என்பது ரசனைச் சமாச்சாரம் கிடையாது, அதை வீட்டிலேயே பென்சில் வைத்து முடித்துவிட்டு வாருங்கள். வெண்பா என்றால் வெண்டளை மட்டும், ஈற்றடி மூன்று சீர், கடைசியில் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்று. கூட்டத்தில் நாங்கள் தேடுவது வேறு: இடம் நிரப்ப வந்து உட்கார்ந்த சீர்களை. ‘நன்றாக’, ‘என்றென்றும்’, ‘பாரினிலே’ எல்லாம் பெரும்பாலும் அப்படி வந்தவைதான்.

மாடியோடு நிற்க வேண்டியவை

அறையில் கேட்ட சொந்தக் கதை அறையைத் தாண்டக் கூடாது. அடுத்தவர் தாளைப் படம் பிடித்து எங்கும் போடாதீர்கள், பாராட்டித்தான் என்றாலும். பல இதழ்கள் எங்கும் வெளிவராத கவிதையைத்தான் கேட்கின்றன. ஃபேஸ்புக்கில் போட்டால் வெளிவந்ததாகவே பலர் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் ஆசையாகப் பகிர்ந்தது அவருக்கு ஒரு கதவை அடைத்துவிடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் குழுவில் வந்த ஒரு கோளாறையும் சொல்லிவிட வேண்டும். கொடிக்கயிற்றுக் கவிதைக்கு அப்புறம் ஏறக்குறைய ஓராண்டு, யார் எதைக் கொண்டுவந்தாலும் கடைசி வரியில் ஒரு சாமான் வந்து நின்றது. துண்டு, சாவிக்கொத்து, மூடாத பேனா. உணர்ச்சியைச் சொல்லும் வரி எங்கே தென்பட்டாலும் எட்டுப் பேரும் ஒரே கையாக அடித்தோம். எட்டுக் கவிஞர்கள் போய் ஒரே கவிஞர் ஆகிவிட்டோம், யாருக்கும் தெரியவில்லை.

கண்டக்டர் ஒருநாள் கவிதை கொண்டுவந்தார். இரவுக் கடைசி டிரிப், பின் சீட்டில் தூங்குகிற கிழவரை டெப்போவில் எழுப்பப் போகிறார், உடம்பு சில்லிட்டிருக்கிறது, கையில் டிக்கெட். கவிதை இப்படி முடிந்தது: ‘ஐயோ.’ தனியாக ஒரு வரி. வழக்கம்போல எல்லோரும் கோடு போட்டிருந்தோம். டிக்கெட்டோடு முடித்தால் போதும், ஐயோ வேண்டாம், அது நாங்கள் சொல்லிக்கொள்வோம் என்றோம். பத்து நிமிடம் அவர் வாய் திறக்கவில்லை, விதி அப்படி. நேரம் முடிந்ததும் தாளை மடித்தபடி சொன்னார்.

‘முப்பத்தோரு வருஷம் வண்டியில கத்தினவன் நான். ஏறு, இறங்கு, படியில நிக்காதே, எல்லாம் டிப்பார்ட்மென்ட்டுக்காகக் கத்தினது. இது ஒண்ணுதான் எனக்காகக் கத்தினது. இருக்கட்டும் சார்.’

இன்னொருவர் அந்தக் கவிதையை எடுத்து மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஐயோவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். நான் என் தாளில் போட்டிருந்த கோட்டை ரப்பரால் அழித்தேன்.